புத்தகத்தின் மேல் தூங்கிவிடும் பிள்ளை

கேள்வி: டீச்சருக்கு வணக்கம். எங்களுக்கு சுங்கை சிப்புட். முன்பு தோட்டத்து லயத்தில் இருந்தோம், இப்போது தாமான் குடியிருப்பில் வாடகை வீடு. கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். எனக்கு ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. ஒரே மகன், தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு. ஆண்டிறுதித் தேர்வுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. கணக்கு நன்றாகப் போடுவான். தமிழ் பரவாயில்லை. மலாயில்தான் தடுமாறுகிறான். இப்படியே போனால் இடைநிலைப்பள்ளியில் நேராக முதலாம் படிவத்துக்குப் போகாமல், முதலில் ஓராண்டு புகுமுக வகுப்புக்குத்தான் போக வேண்டிவரும் என்று வகுப்பாசிரியர் சொன்னார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நான் 1996-ல் ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். எழுதி, புகுமுக வகுப்புக்குப் போய், மூன்றாம் படிவத்தோடு நின்றவள். இவனை மூன்று டியூஷனுக்கு அனுப்புகிறேன், மாதம் 240 வெள்ளி. இரவு பத்து மணிக்குப் புத்தகத்தின் மேலேயே தூங்கிவிடுகிறான். காலையில் வயிறு வலிக்கிறது என்கிறான். போன வாரம் கோபத்தில் அடித்துவிட்டேன். மாமியாரோ, "யூ.பி.எஸ்.ஆரைத்தான் எடுத்துவிட்டார்களே, பிள்ளையை ஏன் வாட்டுகிறாய்" என்கிறார். யார் சொல்வது சரி? தேர்வு நாளன்று லீவு போட்டு அவன் கூடவே போகலாமா?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்:

அன்புத் தங்கைக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் மலாய், டியூஷன், புகுமுக வகுப்பு என்று நிறைய இருக்கிறது. என் கண் முதலில் போய் நின்றது அந்த வயிற்று வலியில்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தம்பி பொய் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்ல வராது, அதை அவன் வயிறு சொல்லும். ஒருமுறை கிளினிக்கில் காட்டிவிடுங்கள். உடம்பில் வேறு கோளாறு இல்லை என்று தெரிந்தாலே உங்களுக்குப் பாதி நிம்மதி வந்துவிடும். அதற்குப் பிறகு எந்தெந்த நாளில் வலிக்கிறது என்று கவனியுங்கள். பள்ளி நாளில் வந்து, விடுமுறையில் காணாமல் போகிற வலி என்றால் காரணம் உங்களுக்கே விளங்கிவிடும்.

இது எனக்கு அனுபவத்தில் தெரிந்தது. தமிழ்ப்பள்ளியில் 19 ஆண்டுகள் வேலை செய்தேன். யூ.பி.எஸ்.ஆர். காலத்தில் ஏழு ஏ, பிறகு எட்டு ஏ என்று ஊரே எண்ணிக்கொண்டிருக்கும். பத்திரிகையில் பிள்ளைகளின் படம் வரும். நானும் இரவு ஒன்பது மணி வரை வகுப்பு நடத்தியவள்தான். ஒரு வருடம், என் வகுப்பில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் தேர்வு நாள் காலையில் பள்ளி வாசலிலேயே வாந்தி எடுத்தாள். முகம் கழுவிவிட்டு, தண்ணீர் கொடுத்து, உள்ளே அனுப்பினேன். மனனம் செய்து வைத்திருந்த கட்டுரையில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை என்று பிறகு அழுதுகொண்டே சொன்னாள். அவளை அந்த நிலைக்குக் கொண்டுபோனதில் என் பங்குதான் பெரிது. அவளுக்குப் பாடம் தெரியாமல் இல்லை. நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவள் மேல் ஏற்றி வைத்த சுமை, தெரிந்ததையும் மறைத்துவிட்டது.

அடித்ததைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். மறைக்காமல் எழுதினீர்களே, அதிலேயே உங்கள் மனம் தெரிகிறது. இன்றைக்கு இரவே அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா பயத்தில் அடித்துவிட்டேன்டா, தப்பு என்னுடையது" என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும். "நீ ஒழுங்காகப் படித்திருந்தால் அடித்திருப்பேனா" என்று பின்னால் ஒட்டிவிடாதீர்கள், சொன்ன மன்னிப்பு அந்த ஒரு வாக்கியத்தில் கரைந்து போய்விடும்.

சரி, மாமியார் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னதில் பாதி சரி.

யூ.பி.எஸ்.ஆர். 1988-ல் வந்தது. அதற்கு முன்னால் ஐந்தாம் ஆண்டில் ஒரு மதிப்பீட்டுத் தேர்வு இருந்தது, உங்கள் மாமியாருக்கு அது நினைவிருக்கலாம். கோவிட் வந்த 2020-ல் யூ.பி.எஸ்.ஆரை நடத்தவில்லை. 2021 ஏப்ரலில் கல்வியமைச்சு அதை ஒரேயடியாக எடுத்துவிட்டதாக அறிவித்தது. இப்போது உங்கள் மகன் எழுதப்போவது யு.ஏ.எஸ்.ஏ. என்று பள்ளியில் சொல்கிற ஆண்டிறுதித் தேர்வு. பள்ளியிலேயே நடத்தி, பள்ளி ஆசிரியர்களே திருத்துவார்கள். ஏ முதல் எஃப் வரை தரம் போடுவார்கள். இதைத் தவிர, ஆண்டு முழுக்க ஆசிரியர் பிள்ளையைப் பார்த்துப் பார்த்துப் போடுகிற பி.பி.டி. என்கிற வகுப்பறை மதிப்பீடு இருக்கிறது, அதில் ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலை உண்டு.

இதில் தவறினால் பிள்ளைக்கு இடைநிலைப்பள்ளியே கிடையாது என்று எதுவும் இல்லை. முழுத் தங்கும் பள்ளிகளில் சேர நினைக்கிறவர்களுக்குத் தனி மதிப்பீடு இருக்கிறது, உங்கள் கடிதத்தில் அந்த ஆசை எதுவும் தெரியவில்லை. அதனால் "இந்தத் தேர்வில் விட்டால் வாழ்க்கையே போச்சு" என்கிற பேச்சு உங்கள் வீட்டில் இனிமேல் வேண்டாம். அது 1996-ன் பயம். அன்றைக்கு உங்களுக்கு இருந்த பயத்தை இன்றைக்கு அவன் சுமக்கிறான்.

ஆனால் மாமியார் சொன்னதில் மறுபாதி சரியில்லை. தேர்வுதான் போனதே தவிர, தேர்வுக்குப் பின்னால் இருந்த ஆறு அங்கேயேதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த ஆண்டு தம்பி அதைக் கடந்தாக வேண்டும். ஆறு ஆண்டுகள் அறிவியலையும் கணிதத்தையும் தமிழில் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளி வாசலைத் தாண்டியதும் வரலாறு, புவியியல், அறிவிப்புப் பலகை, கேண்டீன், சபைகூடல் என்று எல்லாவற்றையும் மலாயில் சந்திப்பான். மலாயில் போதிய அடைவு இல்லாத தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளிப் பிள்ளைகளுக்காகத்தான் முதலாம் படிவத்துக்கு முன்னால் ஓராண்டு புகுமுக வகுப்பு வைத்திருக்கிறார்கள்.

அந்த வகுப்பைப் பற்றி உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கடைசி 12 ஆண்டுகள் நான் இடைநிலைப்பள்ளியில் ஆலோசனை ஆசிரியராக இருந்தேன். புகுமுக வகுப்புப் பிள்ளைகள் என் அறைக்கு நிறைய வந்திருக்கிறார்கள். ஓராண்டு தள்ளிப்போவதால் இடைநிலைப்பள்ளி முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வைப் பதினேழு வயதில் எழுதாமல் பதினெட்டில் எழுதுவார்கள், இழப்பு அவ்வளவுதான். அந்த ஓராண்டைப் பிடித்துக்கொண்டு, மலாயை ஊன்றிப் படித்து, பிறகு கல்லூரி, பல்கலைக்கழகம் என்று போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். நின்றுபோனவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களை நிறுத்தியது வகுப்பு இல்லை. "நீ பெயிலான பிள்ளை" என்று வீட்டிலும் வெளியிலும் கேட்டுக் கேட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து, கேள்வி கேட்கக் கூச்சப்பட்டு, ஒருநாள் வராமலே போனார்கள். உங்களுக்கும் அப்படி ஏதாவது நடந்திருக்குமோ என்று கடிதத்தைப் படிக்கும்போது தோன்றியது. அப்படியானால் அன்றைக்கு யாராவது உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். அதற்காக நான் வருந்துகிறேன், தங்கை.

இப்போது நான்கு மாதம் கையில் இருக்கிறது. புகுமுக வகுப்பே தேவைப்படாமல் போகலாம், தேவைப்பட்டாலும் அதில் அவன் தலைநிமிர்ந்து உட்காரலாம். இரண்டுக்கும் செய்ய வேண்டியது ஒன்றேதான்: தினமும் கொஞ்ச நேரம் மலாயை வாய்விட்டுப் படிப்பது.

தமிழ்ப்பிள்ளைக்கு மலாயில் எங்கே இடிக்கிறது என்று தெரிந்துகொண்டால் வேலை சுலபமாகிவிடும். பயிற்சிப் புத்தகக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் நூல்கள் எல்லாப் பிள்ளைகளுக்குமாக எழுதியவை, நம் பிள்ளைக்கென்று இருக்கிற இடறலை அவை தொடுவதில்லை.

முதல் இடறல் எழுத்துக்கூட்டல். நமக்கு ஒரே ப. "பாட்டு" என்று சொல்லும்போது ஒரு மாதிரி ஒலிக்கும், "கம்பு" என்று சொல்லும்போது வேறு மாதிரி ஒலிக்கும், எழுதும்போது ஒரே எழுத்துத்தான். மலாயில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. பாட்டில் வரும் ப போட்டு "பாகி" என்றால் காலை நேரம். கம்பில் வரும் ப போட்டு "பாகி" என்றால் கொடு. "பெலாஜார்" என்பதும் இப்படித்தான், கம்பின் ப போட்டால் படிப்பது, பாட்டின் ப போட்டால் படிக்கும் மாணவன். க-வுக்கும் இதே கதை. "சங்கு" என்பதில் வருகிற ஒலியோடு "காஜி" என்றால் உங்களுக்கு மாதம் பிறந்தால் வருகிற சம்பளம். "கல்" என்பதில் வருகிற ஒலியோடு "காஜி" என்றால் ஆராய்ந்து படிப்பது. பிள்ளை கட்டுரையில் இதை மாற்றி மாற்றி எழுதினால் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் காது தமிழ்க் காது. தொண்டையில் விரலை வைத்து இரண்டு சொல்லையும் மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். கம்பின் ப-வுக்குத் தொண்டை அதிரும், பாட்டின் ப-வுக்கு அதிராது. பாடநூலிலிருந்து ஒரு நாளைக்குப் பத்துச் சொற்களை எடுத்து நீங்கள் சொல்ல, அவன் எழுதட்டும். அடுத்த நாள் அவன் சொல்ல, நீங்கள் எழுதுங்கள். நீங்கள் தப்பாக எழுதினால் இன்னும் நல்லது. அம்மாவின் தாளைத் திருத்துகிற பிள்ளைக்கு அந்தச் சொல் ஆயுளுக்கும் மறக்காது.

இரண்டாவது இடறல், நாம் பேசுகிற மலாய்க்கும் பள்ளி கேட்கிற மலாய்க்கும் உள்ள தூரம். பாசாரில் மீன் வாங்கும்போதும், தொழிற்சாலையில் மலாய் அக்காமார்களோடு கதைக்கும்போதும் உங்கள் மலாய் தண்ணீர் மாதிரி ஓடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது சந்தை மலாய். "என்னுடைய வீடு" என்று தமிழில் நினைத்து "சாயா பூன்யா ரூமா" என்கிறோம். கேட்கிறவருக்குப் புரியும், தாளில் எழுதினால் தப்பு. "ரூமா சாயா" என்றுதான் எழுத வேண்டும். "டியா ஓராங்" என்று பேசுவதைக் கட்டுரையில் "மெரேக்கா" என்று எழுத வேண்டும். தம்பியோடு உட்கார்ந்து இதை ஒரு விளையாட்டாக்குங்கள். நீங்கள் பாசாரில் பேசுகிற மாதிரி ஒரு வாக்கியம் சொல்லுங்கள், அவன் அதைப் பள்ளி மலாயாக மாற்றட்டும். அவனுக்கு வேண்டிய மலாயில் பாதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. "எனக்குப் படிப்பு ஏறாது" என்று அவன் காதுபட ஒருபோதும் சொல்லாதீர்கள்.

மூன்றாவது, ஒட்டுச்சொற்கள். தமிழில் படி, படித்தான், படிப்பு, படிப்பவர் என்று எல்லாம் வாலில் ஒட்டும். மலாயில் தலையிலும் ஒட்டும். "பாச்சா" என்றால் படி, "மெம்பாச்சா" என்றால் படிப்பது, "பெம்பாச்சா" என்றால் வாசகர், "பாச்சாஆன்" என்றால் வாசிப்பு. பிள்ளை தலையைப் பார்த்துக் குழம்பி, நடுவில் இருக்கிற சொல்லைத் தவறவிடுகிறான். ஒரு பழைய நோட்டில் வாரத்துக்கு மூன்று வேர்ச்சொல் மட்டும் எழுதி, அதன் குடும்பத்தைப் பக்கத்தில் எழுதி வாருங்கள். நான்கு மாதத்தில் ஐம்பது குடும்பம் அவனுக்குப் பழகிவிடும். அதற்கப்புறம் தெரியாத சொல் வந்தாலும் உடைத்துப் பார்க்கிற தைரியம் வரும். பொருள் சந்தேகம் வந்தால் மலாய் மொழிக்கான அரசு நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாக்கா இணையத்தில் வைத்திருக்கும் அகராதியைக் கைப்பேசியில் பார்க்கலாம், காசு வேண்டாம்.

இந்த மூன்றையும் சேர்த்துத் தைக்கிற நூல்தான் வாய்விட்டுப் படிப்பது. ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். பள்ளி இரவல் கொடுத்த மலாய்ப் பாடநூலே போதும். அவன் வகுப்பில் படித்து முடித்த பகுதியிலிருந்து தொடங்குங்கள், புதிய பகுதி வேண்டாம். தடங்கல் இல்லாமல் படிக்க முடிகிறது என்ற சந்தோஷம் முதலில் வரட்டும். படித்து முடித்ததும் "இதில் என்ன சொல்கிறார்கள்" என்று கேளுங்கள், தமிழில் பதில் சொன்னாலும் சரிதான். புரிந்துதான் படிக்கிறான் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவே.

ஷிஃப்டில் இருக்கிறவள் எப்படித் தினமும் உட்காருவேன் என்று கேட்பீர்கள். அவன் படிப்பதைப் பாட்டியின் கைப்பேசியில் வாட்ஸ்அப் குரல்பதிவாக உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். தொழிற்சாலை பஸ்ஸில் போகும்போது கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்களும் ஒரு குரல்பதிவு அனுப்புங்கள்: "இன்றைக்கு இரண்டாவது பத்தி தடுமாறாமல் வந்ததுடா, 'மெரேக்கா'வை மட்டும் விட்டுவிட்டாய்" என்று. பக்கத்து சீட்டில் உட்காரும் மலாய்த் தோழி யாராவது இருந்தால், அதே பத்தியை ஒருமுறை படித்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மனமுவந்து செய்வார்கள். பிள்ளையின் காதுக்குச் சரியான ஓசை கிடைக்கும். பெரிய டியூஷன் மையத்தில் முப்பது பேரோடு உட்கார்ந்தால் இது கிடைக்காது.

பாட்டிக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். மலாய்க் கட்டுரையில் பழமொழி சேர்த்து எழுதினால் அழகு, பிள்ளைகளோ பொருள் தெரியாமல் பட்டியலாக மனனம் செய்கிறார்கள். பாட்டி தமிழில் ஒரு பழமொழி சொல்லட்டும், பேரன் மலாயில் அதன் சோடியைத் தேடட்டும். நம் கிணற்றுத் தவளை அங்கே தேங்காய்ச் சிரட்டைக்கு அடியில் உட்கார்ந்திருக்கும்: "செபெர்த்தி காத்தாக் டி பாவா தெம்புரோங்". நம் சிறு துளி பெரு வெள்ளம் அங்கே மலையாகும்: "செடிக்கிட்-செடிக்கிட், லாமா-லாமா ஜாடி புக்கிட்". இதைச் சொல்லும்போது பாட்டியிடம் அந்தக் காலத்துக் கதையையும் கேட்கச் சொல்லுங்கள். அமைச்சராக இருந்த உங்கள் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960-ல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு, பால்மரம் சீவின கூலியிலிருந்து சிறுகச் சிறுகக் கட்டித்தானே தோட்டத்து மக்கள் தோட்டங்களையே வாங்கினார்கள்! பாட்டிக்குத் தெரிந்தவர்களே யாராவது அப்படிக் கட்டியிருப்பார்கள். "சிறு சேமிப்பு" என்று கட்டுரைத் தலைப்பு வந்தால் எழுத அவனிடம் சொந்தமாக ஒரு விஷயம் இருக்கும். மனனம் செய்த கட்டுரை பயத்தில் மறந்துபோகும், பாட்டி சொன்ன கதை மறக்காது.

கணக்கில் கெட்டிக்காரன் என்று எழுதியிருந்தீர்கள். இங்கேதான் பெற்றோர்கள் ஏமாந்துபோகிறார்கள். தமிழ்ப்பள்ளியில் கணக்கில் முதலாவதாக வந்த பையன், இடைநிலைப்பள்ளியில் முதல் சோதனையில் நாற்பது மதிப்பெண் வாங்கிக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறான். கணக்கு அவனுக்குத் தெரியும், கேள்விதான் புரியவில்லை. அதனால் இப்போதிருந்தே கலைச்சொற்களைச் சோடியாகப் பழக்குங்கள். கூட்டல் "தம்பா", கழித்தல் "தோலாக்", பெருக்கல் "டாராப்", வகுத்தல் "பஹாகி", பின்னம் "பெச்சாஹான்", பரப்பளவு "லுவாஸ்". அறிவியலிலும் இப்படியே ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அவனுக்குப் பிடித்த பாடத்தின் வழியாக மலாய் உள்ளே வரும்போது அவ்வளவு கசக்காது.

அதே சமயம், மலாய்க்காகத் தமிழைக் குறைத்துவிடாதீர்கள். வீட்டில் மலாயிலேயே பேசிப் பழக்கலாமா என்று சில பெற்றோர் கேட்பார்கள். வேண்டாம். ஒரு பத்தியைப் படித்து, அதில் முக்கியமானது எது என்று பிரித்துப் பார்க்கிற அறிவு அவனுக்குத் தமிழில்தான் வளர்ந்திருக்கிறது. அதை வைத்துத்தான் மலாயைப் பிடிப்பான்.

டியூஷன் விஷயம். மூன்றில் இரண்டை நிறுத்திவிடுங்கள். கணக்குக்கு வேண்டவே வேண்டாம். மலாய்க்கு மட்டும் ஒன்று வைத்துக்கொள்ளலாம், அதுவும் பிள்ளை வாயைத் திறந்து படிக்கவும் பேசவும் இடம் கொடுக்கிற சிறிய வகுப்பாக இருந்தால் மட்டும். தாள் தாளாகக் கேள்வி கொடுத்து, விடையைப் பலகையில் எழுதிப் போட்டுவிடுகிற இடமாக இருந்தால் அதையும் விட்டுவிடலாம். மிச்சமாகிற பணத்தில் அவனுக்கு மலாயில் சின்னக் கதைப்புத்தகங்கள் வாங்கலாம், பொது நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால் அதுவும் மிச்சம். "இந்தக் கேள்விதான் வரும்" என்று சொல்லி ஸ்பாட் கேள்வி விற்கிறவர்கள் பக்கம் போகாதீர்கள். 2014-ல் யூ.பி.எஸ்.ஆர். கேள்வித்தாள் கசிந்து, அறிவியலையும் ஆங்கிலத்தையும் பிள்ளைகள் மறுபடி உட்கார்ந்து எழுத வேண்டிவந்தது. தப்பு செய்தவர்கள் பெரியவர்கள், இரண்டு முறை எழுதியது பிள்ளைகள்.

தூக்கத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். ஒன்பதரைக்கு விளக்கை அணையுங்கள். புத்தகத்தின் மேல் தூங்குகிற பிள்ளைக்கு அந்தக் கடைசி ஒரு மணி நேரம் ஒன்றும் ஏறுவதில்லை, மறுநாள் காலையையும் அது கெடுத்துவிடுகிறது. சாயங்காலம் ஒரு மணி நேரம் அவன் பந்து விளையாடட்டும். கைப்பேசியை நீங்கள் பிடுங்க வேண்டாம், இரவில் பாட்டியின் அலமாரியில் தூங்க வைப்பதை வீட்டு வழக்கமாக்குங்கள். உங்கள் கைப்பேசியும் அப்பாவுடையதும் அங்கேயே போனால் அவன் வாதாட மாட்டான்.

அடுத்த வாரம் வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். "என் பிள்ளை தேறுவானா" என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு எந்த ஆசிரியராலும் உண்மையான பதில் சொல்ல முடியாது. "மலாயில் கேட்டல் பேச்சு, வாசிப்பு, எழுத்து என்று ஒவ்வொன்றிலும் இவன் அடைவுநிலை என்ன? எதில் மூன்றுக்குக் கீழே இருக்கிறான்? வீட்டில் நான் எதைச் செய்தால் உங்களுக்கு உதவியாக இருக்கும்?" என்று கேளுங்கள். அவர் புகுமுக வகுப்பைப் பற்றிச் சொன்னது உங்களைப் பயமுறுத்த இல்லை என்றே நினைக்கிறேன். நான்கு மாதம் முன்கூட்டிச் சொல்கிற ஆசிரியர் அக்கறை உள்ளவர்தான். காலை வயிற்று வலியையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். தெரிந்தால் வகுப்பில் அவனை எழுப்பிப் படிக்கச் சொல்கிற விதமே மாறும்.

கடைசியாக லீவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். தேர்வு நாளன்று நீங்கள் லீவு போட்டு வாசலில் நின்றால், "இன்றைக்கு ஏதோ பெரிய ஆபத்து" என்று அவன் வயிறு மறுபடி ஆரம்பித்துவிடும். எப்போதும்போல் பசியாறிவிட்டு, எப்போதும்போல் பள்ளிக்குப் போகட்டும். சாயங்காலம் வந்ததும் "எப்படி எழுதினாய்" என்று கேட்காமல் சாப்பாடு போடுங்கள், அவனாகவே சொல்வான்.

அந்த லீவை எடுத்து வையுங்கள். இடைநிலைப்பள்ளி திறக்கிற முதல் நாளைக்கு எடுங்கள், அது முதலாம் படிவமாக இருந்தாலும் சரி, புகுமுக வகுப்பாக இருந்தாலும் சரி. புதிய வெள்ளைச் சட்டையும் பச்சைக் கால்சட்டையும் போட்டுக்கொண்டு, தெரியாத முகங்களுக்கு நடுவில் நிற்பான். ஒலிபெருக்கியில் மலாயில் பெயர்களை வேகவேகமாகக் கூப்பிடுவார்கள். அன்றைக்குத்தான் அவன் திரும்பிப் பார்க்கும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்